முழங்கால் உயரத்தில் ஒரு விளக்கு

கோயம்புத்தூரில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் ஒரு கடை. மகளுக்கு ஹெட்லேம்ப் வாங்கப் போயிருந்தோம். கடைப் பையன் பெட்டியைப் பிரித்து, எலாஸ்டிக் பட்டையைத் தளர்த்தி, "நீங்களே ஒரு தடவ மாட்டிப் பாருங்க சார்" என்று என் நெற்றியில் மாட்டிவிட்டான். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்பதால், துணி போட்டுப் பார்க்கும் அறைக்குள் என்னை அனுப்பி, கதவைச் சாத்தி, விளக்கையும் அணைத்தான். பொத்தானை அழுத்தினேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி இருந்தது. வெளிச்சம் முழுக்க அதில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. முகமும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை. ஒரே வெள்ளை.

அந்த வெள்ளையை எனக்கு ஒன்பது வயதிலிருந்தே தெரியும். குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், ஒரு மார்கழி இரவில், அதே வெள்ளைக்கு முன்னால் கால் நடுங்க நின்றிருக்கிறேன். பக்கத்தில் அப்பா இருந்தார்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டி போகும் வழி கேரளத்தில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 7,900 அடி. இன்று விடிகாலை நாலு மணிக்கு வரிசையாக ஜீப்புகள் சூரியோதயம் பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எங்கள் காலத்தில் அங்கே போகிறவர்கள் இரண்டே வகை: தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், அவர்களைப் பார்க்க வருகிறவர்கள். அப்பா அங்கே வேலை பார்த்தார். லயத்தில் ஒரு காம்பரா எங்கள் வீடு. படிப்புக்காக என்னைப் போடியில் ஆச்சி வீட்டில் விட்டிருந்தார்கள். அரைப் பரீட்சை லீவுக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் அப்பா கீழே இறங்கி வந்து கூட்டிப் போவார்.

அந்த வருஷம் குரங்கணி பஸ் ரொம்பத் தாமதம். டீக்கடையில் அப்பா எப்போதும் கொடுத்து வைத்திருக்கும் அரிக்கேன் விளக்கை வாங்கி, சீமத்தண்ணி ஊற்றி, திரியைக் கத்தரித்து, கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டு புறப்பட்டார். பாதி மலையில் இருட்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் மூட்டம் இறங்கியது. தோட்டத்துக்காரர்கள் அதை 'மிஸ்ட்டு' என்றே சொல்வார்கள். வாயைத் திறந்தால் உள்ளே குளிர்ந்த பஞ்சு போவது போல இருக்கும். எனக்குப் பயம். பயந்த பிள்ளை என்ன செய்யும்? அப்பா கையிலிருந்த விளக்கைப் பிடுங்கி என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன், தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க. தூரம் காணாமல் போயிற்று. கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது.

அப்பா அதட்டவில்லை. விளக்கை வாங்கி என் முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தார். சுவர் மறைந்தது. நாலடிக்குப் பாதை தெரிந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் அதன் நிழல் நீளமாகப் படுத்திருந்தது. எது கல், எது குழி என்று நிழலை வைத்தே சொல்லிவிடலாம்.

"வெளக்கத் தூக்குனா மூட்டந்தேன் தெரியும்யா. பாதை கீழ கெடக்கு" என்றார்.

பிறகு எனக்குப் பின்னால் வந்து, குனிந்தபடியே, மலைப்பக்கமாக விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். என் நிழல் பள்ளத்துப் பக்கம் விழுந்தது. பள்ளம் என் கண்ணில் படக்கூடாது என்றுதான் அந்தப் பக்கம் பிடித்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்தே விளங்கியது. அந்த இரவு முழுக்க அவர் முதுகு வளைந்தே இருந்தது. நெடிய மனிதர்.

விஷயம் எளிது. மூட்டம் என்பது காற்றில் நிற்கும் கோடிக்கணக்கான நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தால், போன வெளிச்சம் போன வழியிலேயே திரும்பிக் கண்ணில் அடிக்கும். விளக்கைக் கீழே இறக்கிவிட்டால் அந்த வெளிச்சம் நம் கண்ணின் வழியில் குறுக்கே வராது. வண்டிகளில் பனிவிளக்கை பம்பர் உயரத்தில் தாழ்வாக வைப்பது இதற்காகத்தான். இயற்பியல் புத்தகத்தை அப்பா தொட்டதுகூட இல்லை. மலை அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது.

அரிக்கேனுக்குப் பிறகு வீட்டுக்கு டார்ச் லைட்டு வந்தது. மூணு பேட்டரிக் கட்டை போடும் பித்தளை எவரெடி. ஒரு போனஸுக்கு அப்பா போடி பஜாரில் வாங்கியது. அந்த டார்ச்சை நான் கழற்றி மாட்டாத நாளே இல்லை. பின்மூடியைத் திருகினால் சுருள்கம்பிக்குள் ஒரு சின்னக் கூடு, அதற்குள் பஞ்சில் சுற்றிய உபரி பல்பு. பல்பு பியூஸ் ஆனால் இருட்டிலேயே விரலால் தடவி மாற்றிவிடுவார். கட்டை வீக்கானால் அடுப்போரம் வைப்பார், வெயிலில் காயப்போடுவார். அதில் கொஞ்சம் உயிர் வரும், இன்னும் ரெண்டு இரவு ஓடும்.

அவர் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பயணத்துக்காகப் பையில் டார்ச்சை வைக்கும்போது, மூன்று கட்டைகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிடுவார். துணிமணிக்குள் சுவிட்ச் அழுந்தினாலும் எரியாது. வேண்டும்போது நேராகத் திருப்பிக்கொள்வார். இந்தக் கடையில் பையன், "இதுல லாக் இருக்கு சார், பட்டன மூணு செகண்ட் அழுத்துனா பைக்குள்ள தானா எரியாது" என்று பெருமையாகச் சொன்னபோது, எனக்கு அந்தத் தலைகீழ்க் கட்டைதான் கண்ணில் நின்றது. தேவை ஒன்றுதான். மலைக்குப் போய்ப் பையைத் திறக்கும்போது விளக்கு செத்துக் கிடக்கக்கூடாது.

அந்தப் பித்தளை டார்ச் கடைசியில் கட்டை கசிந்து போயிற்று. அப்பா உடம்பு முடியாமல் கீழே வந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. ஒருநாள் மூடியைத் திருகினால் திரும்பவில்லை. உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு பூத்து, கட்டையும் பித்தளையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. வெகுநாள் எடுக்காத விளக்கில் கட்டையைக் கழற்றி வையுங்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது அதனால்தான்.

மகள் பாலக்காட்டில் கல்லூரியில் படிக்கிறாள். வாளையாறு தாண்டினால் ஒரு பக்கம் மலம்புழை மலைகள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அவளுக்குப் பாறை ஏறும் பழக்கம் அங்கே வந்த நண்பர்களால் வந்தது. ஹார்னஸ், கேரபினர், பிலே என்று வீட்டில் புதுச் சொற்கள் புழங்க ஆரம்பித்தன. என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2022 பிப்ரவரியில் மலம்புழைப் பக்கத்துக் குறும்பாச்சி மலையில் நண்பர்களோடு ஏறிய உள்ளூர் இளைஞர் ஒருவர், கால் வழுக்கிச் செங்குத்தான பாறையில் ஒரு சிறு பொந்தில் சிக்கிக்கொண்டார். மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. கைப்பேசியில் தன் இடத்தைப் படமெடுத்து அனுப்பினார். இரண்டு பகல், இரண்டு இரவு. ஏறக்குறைய 45 மணி நேரம் தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் அந்தப் பொந்தில் உட்கார்ந்திருந்தார். வெல்லிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவத்தின் மலையேற்ற வீரர்கள் வந்து, இருட்டிலேயே மேலே ஏறி, விடிந்ததும் மேலிருந்து கயிற்றில் இறங்கி, அவரைத் தங்களோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டுபோனார்கள். தொலைக்காட்சியில் நாள்முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பகலில் அந்தப் பாறை எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் காட்டினார்கள். எனக்கு அந்த இரண்டு இரவுகளைப் பற்றித்தான் நினைப்பு. பொந்தில் இருக்கிற மனிதனுக்குக் கீழே ஊர் விளக்குகள் தெரிந்திருக்கும். கைக்குள் ஒரு வெளிச்சம் இருந்திருந்தால்?

மகளும் ஒரு கதை வைத்திருந்தாள். அதை அவள் எங்களிடம் சொன்னதே ஹெட்லேம்ப் பேச்சு வந்த பிறகுதான். பதாமியில் செம்மணற்கல் பாறையில் ஏறி, மேலே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று பேர், ஒரு ஹெட்லேம்ப். முதலில் இறங்கியவர் அதை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மேலே இரண்டு பேர் கைப்பேசி வெளிச்சத்தில். கயிற்றை இறங்கும் சாதனத்துக்குள் கோக்க இரண்டு கையும் வேண்டும். இவள் கைப்பேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கோத்திருக்கிறாள்.

"கேரபினர் கேட் பூட்டியிருக்கான்னு கண்ணால பாக்க முடியலப்பா. நகத்தால திருகித் திருகிப் பாத்தேன். எச்சி வழியுது, போன் வழுக்குது."

அதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சனிக்கெழம கோயம்புத்தூர் வா, வாங்கிருவோம்" என்றேன்.

தலையில் விளக்கு மாட்டும் யோசனை மலையேறிகளுடையது இல்லை. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குத்தான் முதலில் அது வேண்டியிருந்தது. தொப்பியில் எண்ணெய் விளக்கு, பிறகு கார்பைடு விளக்கு, 1914 வாக்கில் எடிசன் செய்த மின்விளக்கு. அதில் பேட்டரி இடுப்பில் தொங்கும், வயர் முதுகு வழியாகத் தலைக்குப் போகும். எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார், கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். மூணு கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இடுப்பு பேட்டரியின் கனம் எப்படி இருக்கும் என்று தன் இடுப்பில் கைவைத்துக் காட்டுவார். 'லைட்டு போச்சுன்னா அங்கேயே உக்காந்துரணும், ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது' என்பார். 2001இல் அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

பெட்ஸல் என்ற பெயரை இன்று மலையேறும் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் பெர்னாந்து பெட்ஸலும் குகைகளுக்குள் இறங்கிப் பழகியவர்தான். 1973இல் பேட்டரியையும் விளக்கையும் சேர்த்து எலாஸ்டிக் பட்டையில் கோத்து முழுக்கத் தலைக்கே கொண்டுவந்தார்கள். வயர் போயிற்று. பிறகு நீல எல்.இ.டி. வந்தது. அதற்காக ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் வந்ததால்தான் வெள்ளை வெளிச்சம் வந்தது. வெள்ளை வந்ததால்தான் அப்பாவின் மூணு கட்டை டார்ச்சைவிடப் பிரகாசமான ஒன்று இன்று உள்ளங்கையில் அடங்குகிறது.

நான் முதன்முதலில் ஹெட்லேம்பைப் பார்த்தது கல்லூரி முடித்த வருஷம். மதுரையிலிருந்து மீசப்புலிமலைக்கு வந்த ஒரு குழுவுக்கு மூட்டை தூக்கப் போயிருந்தேன். அதில் ஒருவர் நெற்றியில் விளக்கோடு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தார். அடுப்பு மூட்டும்போதும் வெளிச்சம் கூடவே போயிற்று. காய் நறுக்கும்போது கத்தியின் முனைவரை தெரிந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் வாழ்க்கையில் வெளிச்சம் வேண்டுமென்றால் ஒரு கையை அதற்குக் கொடுத்தாக வேண்டும். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ, பிள்ளை கையில் கொடுத்தோதான் வேலை நடக்கும். அப்பா வேலை செய்யும்போது விளக்குப் பிடித்து நிற்பதே என் சிறுவயதின் பாதி.

கோயம்புத்தூர்க் கடையில் மூன்று பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டோம். மகளுக்கு லூமென் கணக்கு வாயிலேயே இருந்தது. நானூறு, அறுநூறு, தொள்ளாயிரம். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று எனக்கும் முதலில் தோன்றியது. உட்கார்ந்து படித்தால்தான் சூட்சுமம் புரிகிறது. தொள்ளாயிரம் என்று போட்டிருப்பது அதன் உச்சம். அந்த உச்சத்தில் அது ரொம்ப நேரம் நிற்காது. சூடேறித் தானே இறங்கிவிடும். 'இத்தனை மணி நேரம் எரியும்' என்று பெட்டியில் இருப்பதும், அந்தத் துறையின் அளவுமுறைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காக இறங்கும் வரைக்குமான கணக்கு. நூறு மணி நேரம் என்றால் நூறு மணி நேரமும் பாதை தெரியும் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'நூறு மீட்டர் தூரம்' என்று போடுகிறார்களே, அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ். கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு தரையில் போடும் வெளிச்சம் அது. அதுவரைக்கும்தான் விளக்கு எட்டுகிறது என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா பௌர்ணமி இரவுகளில் விளக்கே இல்லாமல் போடிக்கு இறங்கியிருக்கிறார். 'நெலா இருக்கு, எதுக்கு எண்ணெய்ச் செலவு' என்பார். அவருக்குப் போதுமாக இருந்த வெளிச்சத்தைத்தான் இன்றைக்கும் எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

"உனக்கு எம்புட்டுத் தூரம் தெரியணும் பாப்பா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "பாறையில கை நீட்டுற தூரம். கயிறு எங்க போகுதுன்னு ஒரு முப்பது மீட்டர். அம்புட்டுதான்ப்பா."

கை நீட்டும் தூரத்துக்கு விரிந்த வெளிச்சம் வேண்டும். கயிறு போகும் வழிக்குக் குவிந்த வெளிச்சம் வேண்டும். இரண்டும் ஒரே விளக்கில், தனித்தனியாக எரிய வேண்டும். முந்நூறு நானூறு லூமெனே அதற்குத் தாராளம். சிவப்பு விளக்கு இருந்தால் ரொம்ப நல்லது. இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒரே ஒரு முறை வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடித்தால் அத்தனையும் போய்விடும். மங்கலான சிவப்பு அதை அவ்வளவாகக் கெடுக்காது. கயிறு பிடித்து நிற்கும் கூட்டாளியை நிமிர்ந்து பார்த்துப் பேசும்போது அவர் கண்ணைப் பறிக்காது.

பையன் ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக் காட்டினான். பட்டை நழுவாமலிருக்க ஹெல்மெட்டில் நாலு கொக்கிகள் இருக்கின்றன. வெறும் தலையில் நன்றாக நிற்கும் விளக்கு ஹெல்மெட்டில் மாட்டினால் வானத்தைப் பார்க்கிறதா, கீழே சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். மகள் அதைக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். இடுப்பில் கட்டிய கயிற்றுமுடிச்சு வரைக்கும் வெளிச்சம் இறங்குகிறதா என்பதுதான் அவள் கணக்கு. பல்லில் கடித்த அந்த இரவு அவள் மனசில் இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். "ரெய்னி டேல நாங்க ஏறவே மாட்டோம்ப்பா" என்றாள். ஏறத் திட்டம் போட்டுக்கொண்டா மழை வருகிறது? இடுக்கி மழையை அவள் அறியாள். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள். நாலு தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்கள். மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. அந்த மழையில், அந்தச் சேற்றில், உயிர் தப்பியவர்கள் எந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைத் தேடியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. மழை தாங்காத விளக்கு எங்கள் மலைக்கு விளக்கே இல்லை.

குரங்கணித் தீயையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த மலையேற்றக்காரர்கள் கொழுக்குமலையிலிருந்து நான் சிறுவயதில் நடந்த அதே சரிவில் இறங்கும்போது காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிப்பேருக்கு என் மகள் வயசு, இல்லையென்றால் நாலைந்து வயசு கூட. ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னால் மேலே போனவர்கள் குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து ஆட்கள். கையில் டார்ச்சும் போனும். போர்வையில் கட்டித் தோளில் தூக்கி இறக்கினார்கள். அன்று போன என் சொந்தக்காரர் ஒருவர் பிறகு சொன்னார்: "நாலு பேரு தூக்குனா நாலு பேருக்கும் ரெண்டு கையும் வேணும் மச்சான். லைட்டப் புடிக்கத் தனியா ஒரு ஆளு. அவன் முன்னால போனா பின்னால இருக்கவனுக்குக் கால் தெரியல. பின்னால வந்தா முன்னால இருக்கவனுக்குத் தெரியல." காயம்பட்டவர்கள் வலியில் கத்தும்போது இவர்கள் கால் தடுக்கி நின்று நின்று இறங்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024இல் தமிழ்நாடு முழுக்க நாற்பது பாதைகளை வழிகாட்டியோடு திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் என் ஆசை வேறு. மலையடிவார ஊர் ஒவ்வொன்றிலும், பஞ்சாயத்திலோ பள்ளிக்கூடத்திலோ, சார்ஜ் ஏற்றிய ஹெட்லேம்ப் குறைந்தது இருபது தயாராக இருக்க வேண்டும். முதலில் ஓடுகிறவர்கள் எப்போதும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

எங்கள் எல்லையில் இருட்டில் நடப்பது யாருக்கும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் இன்றைக்கும் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு தாண்டிப் போகிறார்கள். அந்தக் காலத்தில் தேவாரம் ஆட்கள் சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறுவார்கள். தென்னை ஓலைச் சூந்தைக் கொளுத்தி வீசிக்கொண்டு, வரிசையாக. ஆச்சி சொல்வாள், கீழேயிருந்து பார்த்தால் மலையில் கங்கு ஊர்வது போல இருக்குமாம். யானைக்குப் பயந்து சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்களாம். சின்னக்கானல் பக்கத்தில் யானைப் பயம் இன்றும் போகவில்லை. 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டுபோன அரிக்கொம்பன் யானையை எல்லோருக்கும் தெரியும். அவன் பேரைச் சொல்லி அழுத குடும்பங்களைத் தோட்டத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். யானை வெளிச்சத்தில் பாறை மாதிரியே நிற்கும். அதனால் எங்கள் ஆட்கள் விளக்கை மட்டும் நம்புவதில்லை. நின்று, மோந்து பார்த்து, காதைக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி.

கடைசியாகக் கட்டையா, சார்ஜா என்ற கேள்வி. சார்ஜ் ஏற்றுவது செலவு குறைவு, வெளிச்சமும் கூடுதல். ஆனால் மூணு நாள் கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வது? சின்னக் கட்டை சூரியநெல்லிப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். இரண்டும் போடுகிற மாதிரி ஒன்று இருந்தது. ஐ.பி.எக்ஸ். 7, சிவப்பு விளக்கோடு. நூறு கிராமுக்குள் எடை. பட்டையிலிருந்து விளக்கைத் தனியாகக் கழற்றலாம். அந்தக் கடைசி விஷயத்துக்காகவே நான் அதைத் தேர்ந்தெடுத்தேன். பையன், "அது எதுக்கு சார் கழட்டணும்?" என்றான். "மூட்டத்துக்கு" என்றேன். அவன் சமவெளிப் பையன்.

வாங்கியது இரண்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று அவள் கூட்டாளிக்கு. மூன்று பேருக்கு ஒரு விளக்கு என்ற பேச்சு இனி இருக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன்.

தை மாதம் அவளைக் கொழுக்குமலைக்குக் கூட்டிப் போனேன். சூரியநெல்லியிலிருந்து நாலு மணி ஜீப். எலும்பைக் கழற்றி மாட்டும் பாதை. மேலே இறங்கியதும் மற்றவர்கள் சூரியோதயம் பார்க்கும் முனைக்குப் போனார்கள். நாங்கள் பழைய லயங்கள் இருந்த பக்கம் நடந்தோம். அப்பாவின் காம்பரா எது என்று அவளுக்குக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. இருநூறு அடி போயிருப்போம், கீழே பள்ளத்திலிருந்து மூட்டம் எழும்பி வந்தது. புகை போல வரவில்லை. கதவைச் சாத்துவது போல வந்தது. அவள் நெற்றி விளக்கு அதில் பட்டு வெள்ளையாக நின்றது. அவள் வெளிச்சத்தைக் கூட்டினாள். சுவர் இன்னும் தடித்தது.

"அப்பா, ஒண்ணுமே தெரியல."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் விளக்கைப் பட்டையிலிருந்து கழற்றிவிட்டாள். கையைத் தொங்கவிட்டு, முழங்காலுக்குக் கீழே பிடித்தாள். புல்லும் கல்லும் தெரிந்தன. ஈரக் கற்களுக்குப் பின்னால் நீள நிழல்கள். ஒரு தேயிலைச் செடியின் அடித்தண்டு, பாசி பிடித்து, முறுக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்குள் வந்தது. எத்தனையோ வருஷத்துத் தண்டு. அப்பா கைபட்டதாகக்கூட இருக்கும்.

"நீங்க முன்னால போங்கப்பா. உங்களுக்குத்தான் வழி தெரியும். நான் பின்னால இருந்து காட்டுறேன்."

நடந்தேன். என் முட்டி முன்போல மடங்குவதில்லை. இறக்கத்தில் ஒவ்வொரு காலாக வைத்துத்தான் போக முடிகிறது. அவள் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் என் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேன். வலதுபக்கம், மலைமேல் விழுந்தது. பள்ளம் இருந்த பக்கம்தான் அவள் விளக்கைப் பிடித்திருந்தாள். விளிம்பு அப்பட்டமாகத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் வா பாப்பா" என்றேன்.

"எதுக்குப்பா? விளிம்பு தெரியட்டும், காலப் பாத்து வைக்கலாம்ல."

பாறை ஏறுகிற பிள்ளை. அவளுக்கு விளிம்பைப் பார்த்தாக வேண்டும். சரி என்று விட்டுவிட்டேன். அவள் காட்டிய வெளிச்சத்தில், பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே, லயம் இருந்த மேட்டுக்கு நடந்தோம்.